தாமதத்தின் விலை

நம் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகச் செங்கோட்டை செல்லும் இருப்புப்பாதை, மலையைத் தாண்டிக் கொல்லம் வரை நீள்கிறது. 1904-இல் திறக்கப்பட்ட அம்மலைப்பாதை மீட்டர் கேஜாக இருந்தது. செங்கோட்டை வரையிலும், புனலூர் முதல் கொல்லம் வரையிலும் அகலப்பாதை போட்டாயிற்று. இடையிலுள்ள சுமார் 49 கிலோமீட்டர் 2010-இல் மூடப்பட்டு 2018-இல்தான் திறந்தது. குகைகளை அகலப்படுத்துவதும் பழைய வளைவுப் பாலங்களை வலுப்படுத்துவதும் எளிதல்ல; ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 7 சதவீதம் விலை ஏறினால், இன்று 100 ரூபாயில் முடியும் வேலைக்கு எட்டாண்டு கழித்து 172 ரூபாய் வேண்டும். இது கூட்டுவட்டி, பள்ளிப் பாடம்தான். இதைவிடப் பெரிது வேறொன்று. நடுத்துண்டு இல்லாததால், இரு முனையிலும் கொட்டிய பணம் முழுப்பயன் தராமல் முடங்கிக் கிடந்தது. கொல்லம் போக வேண்டியவர் செங்கோட்டையில் இறங்கி, மூட்டையுடன் ஆரியங்காவு வழியே பஸ் ஏறினார். அவருடைய கூடுதல் கட்டணமும், இழந்த அரைநாள் கூலியும் எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் ஏறுவதில்லை.

மதுரை–போடி பாதையும் 2010 இறுதியில் மூடியதுதான். போடிக்கு ரயில் 2023 ஜூனில் வந்தது. 2011-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த போடிப் பிள்ளை, சொந்த ஊரில் ரயிலேற வழியின்றியே பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கும்.