உங்களுக்குத் தெரியுமா? பாதி நோட்டு முதல் தபாலில், மீதி அடுத்த தபாலில்!

மதராஸ் மாகாணத்தில் 1843இல் தொடங்கிய மெட்ராஸ் வங்கி தன் பெயரிலேயே நோட்டு வெளியிட்டது. 1861இல் வந்த சட்டம் அந்த உரிமையை அரசுக்கு மாற்றியது. நோட்டு வெளியிட நாடு பல வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு வட்டத்து நோட்டு இன்னொரு வட்டத்தில் சட்டப்படி செல்லாமல் இருந்தது. 5 ரூபாய்க்கு 1903இலும், 10 ரூபாய்க்கு 1910இலும்தான் இந்தத் தடை பெரும்பாலும் நீங்கியது.

தபாலில் திருட்டுப் போகாமலிருக்க வியாபாரிகள் நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதி சேர்ந்த தகவல் வந்த பிறகே மறு பாதியை அனுப்பினார்கள். நடுவில் ஒட்டிய தழும்போடு அவை இன்றும் கிடைக்கின்றன. எனக்கு முழு நோட்டைவிட இவைதான் பிடிக்கும். ஆனால் சந்தையில் விலை குறைவு.

நோட்டில் ஊர்ப் பெயரைத் தேடுவோரும் உண்டு. அமெரிக்காவில் 1863 முதல் 1935 வரை உள்ளூர் வங்கிகள் ஊர்ப் பெயருடன் நோட்டு வெளியிட்டன. சேகரிப்பவர்கள் சொந்த ஊர் நோட்டைத் தேடி வாங்குகிறார்கள். நமக்கு அந்த வாய்ப்பு, 1938இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆறாம் ஜார்ஜ் 100 ரூபாய் நோட்டில் உண்டு. அதில் ‘மெட்ராஸ்’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். தாத்தாவின் இரும்புப் பெட்டியில் பழைய நோட்டு கிடைத்தால் கழுவவோ, இஸ்திரி போடவோ, செல்லோடேப் ஒட்டவோ வேண்டாம். பாதி விலை போய்விடும்.