சான்றிதழ் இருக்கிறது, உரிமம் எங்கே?

மூன்று நாள் சோலார் பயிற்சிக்குப் பலர் போகிறார்கள். பல்கலைக்கழக முத்திரையோடு ஒரு சான்றிதழ் கிடைக்கிறது. ஊர் திரும்பியதும் ‘சோலார் பேனல் அமைத்துத் தரப்படும்’ என்று போர்டு மாட்டி, முன்பணமும் வாங்கிவிடுகிறார்கள். நெட் மீட்டருக்கு விண்ணப்பிக்கும்போது இ.பி. ஆபீஸில் உரிம எண் கேட்பார்கள். அங்கே வேலை நிற்கும். வாடிக்கையாளரோடு சண்டை தொடங்கும். இப்படி மாட்டிக்கொண்டவர்களைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். பயிற்சி கொடுத்தவர்களாவது சொல்லியிருக்க வேண்டாமா? குத்துவிளக்கு ஏற்றவும் பொன்னாடை போர்த்தவும் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவர்கள், இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்குவதில்லை.

பயிற்சிச் சான்றிதழ் வேறு, ஒப்பந்ததாரர் உரிமம் வேறு, மானியத் திட்டத்துக்கான விற்பனையாளர் பதிவு வேறு. ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடாது.

தமிழ்நாட்டில் மின் ஒப்பந்ததாரர் உரிமமும், வயர்மேன், மேற்பார்வையாளர் தகுதிச் சான்றுகளும் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம். அலுவலகம் சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. உங்களிடம் உரிமம் இல்லையென்றால், உரிமம் உள்ளவரை முறைப்படி கூட்டாளியாக்கிக்கொண்டு தொடங்குங்கள். அவருடைய முத்திரையை மட்டும் கடன் வாங்கி ஒட்டாதீர்கள். தீப்பிடித்தால் இருவரும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டிவரும்.

2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் அமைக்கும் வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. பதிவுபெற்ற விற்பனையாளர் அமைத்தால்தான் அது வரும். மாநில அளவில் பதிவு செய்ய 2.5 லட்சம் ரூபாய் வங்கி உத்தரவாதம் தர வேண்டும். அமைத்த பிறகு ஐந்து ஆண்டு பராமரிப்பும் உங்கள் பொறுப்பு. இதையெல்லாம் கணக்குப் போடாமல் ‘மானியம் வாங்கித் தருகிறேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

இதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. மாடியில் பேனல் ஒயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சின்ன உலோக ஊசியை அதற்கான க்ரிம்பிங் கருவியால் அழுத்த வேண்டும். பலர் கட்டிங் பிளேயரால் நசுக்கிவிட்டு மூடிவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. உள்ளே பிடிமானம் தளர்ந்து, சூடேறி, பொறி கிளம்பும். வீட்டு ஏ.சி. மின்சாரம் விநாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி அணைய வாய்ப்புண்டு, பேனல் தரும் டி.சி. மின்சாரத்துக்கு அந்த இடைவெளி கிடையாது. கீழே மெயினை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனல் மின்சாரம் தந்துகொண்டேதான் இருக்கும். இதை யூடியூப் பார்த்துப் பழக முடியாது. ஆய்வகத்தில் கையால் செய்து பழக வேண்டும்.

எங்கே போவது? கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறை இருக்கிறது. சாண எரிவாயு, சூரிய உலர்த்தி போன்றவற்றுக்கு அங்கே போகலாம். காற்றாலை சம்பந்தமாகப் பள்ளிக்கரணையில் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் உள்ளது. 2015-இல் வந்த சூரியமித்ரா என்பது ஐ.டி.ஐ. போன்ற தகுதி உள்ளவர்களுக்கான 600 மணி நேரப் பயிற்சி; கட்டணம் கிடையாது. ‘சூரியமித்ராவில் இடம் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் ஏமாற்று வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள். எந்தப் பயிற்சியானாலும் பணம் கட்டும் முன் கேளுங்கள்: கையால் செய்யும் பயிற்சி எத்தனை மணி நேரம்? சான்றிதழில் கையெழுத்திடுவது யார்? ரசீது பல்கலைக்கழகத்தின் பெயரில் வருமா? தனியார் பெயரில் ரசீது வந்தால் பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டுக் கட்டுங்கள்.

அடுத்தது, சொந்தமாகப் பொருள் செய்கிறவர்களுக்கு. கொப்பரைக்கான சூரிய உலர்த்தியைப் பட்டறையில் நீங்களே வடிவமைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். தெரிந்த பேராசிரியரிடம் காட்டுகிறீர்கள். ‘மாணவர் புராஜெக்டாக எடுத்துக்கொள்ளலாம்’ என்கிறார். மகிழ்ச்சியோடு வரைபடம் முழுவதையும் கொடுத்துவிடுகிறீர்கள். அது கட்டுரையாக வெளியானதும் காப்புரிமைக்குத் தேவையான புதுமை போய்விடும். யாரும் திருடவில்லை, நீங்கள்தான் எழுதி வாங்கவில்லை.

முறையான வழி இது. துறைத் தலைவருக்கும் பதிவாளருக்கும் ஒரே கடிதம் எழுதுங்கள். உங்களுக்கு இருக்கும் சிக்கல், தேவைப்படும் உதவி (சோதனையா, வடிவமைப்பா, பயிற்சியா), எதிர்பார்க்கும் காலம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் சொல்லுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்றை இணையுங்கள். உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். இடைத்தரகருக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள். பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டால் ஒப்பந்தத்தில் இவை எல்லாம் இருக்கட்டும்: என்ன வேலை, எந்தத் தேதிக்குள், கட்டணம் எவ்வளவு, ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா, கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம், கட்டுரை வெளியிடும் முன் உங்கள் எழுத்துபூர்வ சம்மதம், சோதனை அளவீடுகளின் முழுப் பிரதி உங்களுக்கு. கையெழுத்து பதிவாளருடையதாகவோ அவர் அதிகாரம் அளித்தவருடையதாகவோ இருக்க வேண்டும். பேராசிரியர் எவ்வளவு நல்லவரானாலும் அவர் தனியாகப் போடும் கையெழுத்து பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது.

வரைபடத்தைக் காட்டும் முன்பே தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய்தான்; சிறு நிறுவனம் என்றால் படிவம் 28-ஐ இணைக்க வேண்டும். முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம் கிடைக்கும்.

சோதனை அறிக்கையிலும் கவனம் வேண்டும். பல்கலைக்கழக ஆய்வகம் என்பதால் மட்டுமே அதன் அறிக்கை டெண்டரில் செல்லுபடியாகிவிடாது. ஆய்வகங்களுக்கான என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கிறதா, அந்த அங்கீகாரம் உங்கள் குறிப்பிட்ட சோதனையையும் உள்ளடக்கியதா என்று இரண்டையும் பாருங்கள். பணம் கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

செலவுக்கு வழியில்லை என்பவர்கள், கிண்டியில் இருக்கும் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தில் புத்தாக்க வவுச்சர் திட்டம் பற்றிக் கேளுங்கள். கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு யோசனையைச் செய்துபார்க்க 2 லட்சம், சந்தைக்குக் கொண்டுபோக 5 லட்சம் ரூபாய் வரை உதவி தருவதற்கென்றே வந்த திட்டம் அது. உரிம வாரியம், காப்புரிமை அலுவலகம், இந்த நிறுவனம், அண்ணா பல்கலைக்கழகம் எல்லாமே கிண்டி வட்டாரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஓர் அலுவலகத்துக்குப் போனால் அடுத்ததைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லையா? அரசுப் பல்கலைக்கழகம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-க்கு உட்பட்டது. பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனு அனுப்பி, உங்கள் கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கை, ஆலோசனைக் கட்டண விவரம், இந்த ஆண்டின் பயிற்சி அட்டவணை மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்; வராவிட்டால் அதே பல்கலைக்கழகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். ‘பெரிய இடம், நம்மை மதிப்பார்களா’ என்று ஒதுங்கிப்போகாதீர்கள். அந்த ஆய்வகம் மக்கள் வரிப்பணத்தில் நடப்பது.

மறுபடியும் சொல்கிறேன், சலிப்பாக இருந்தாலும் படியுங்கள். உரிம எண் கைக்கு வரும்வரை முன்பணம் வாங்காதீர்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை வரைபடத்தைக் கொடுக்காதீர்கள்.