நாலு மரக்கட்டை... ஒரு வார்த்தை கூட வேண்டாம்! - ஐ.க்யூ புதிர்கள் பிறந்த கதையும், பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியதும்

மேசை மேல் நான்கு மரக்கட்டைகள் வரிசையாக இருக்கின்றன. எதிரே இருக்கும் மருத்துவர், கையில் உள்ள ஐந்தாவது கட்டையால் அவற்றை மெதுவாகத் தட்டுகிறார். 1, 2, 3, 4. பிறகு அந்தக் கட்டையை எதிரில் இருப்பவரிடம் கொடுக்கிறார். அவர் தட்டிய அதே வரிசையில் தட்டிக் காட்ட வேண்டும். அடுத்து 1, 2, 3, 4, 3. பிறகு 1, 3, 2, 4. போகப் போக வரிசை குழப்பமாகிக்கொண்டே போகும்.

பார்க்கக் குழந்தைகள் விளையாட்டு போலத்தான் இருக்கும். ஆனால், நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த விளையாட்டில் தடுமாறியவர்களுக்கு அமெரிக்காவின் கதவு மூடப்படும் அபாயம் இருந்தது. இன்று உலகம் முழுக்கக் குழந்தைகளின் நுண்ணறிவை அளக்கப் பயன்படும் 'மொழி தேவைப்படாத' புதிர்ச் சோதனைகளில் ஒரு முக்கியக் கிளை, அந்த மேசையிலிருந்துதான் முளைத்தது.

கோட்டில் விழுந்த சாக்பீஸ் குறி

நியூயார்க் துறைமுகத்தில் இருக்கிறது எல்லிஸ் தீவு. 1892 முதல் 1954 வரை 1.2 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இந்தத் தீவின் வழியாகத்தான் அமெரிக்காவுக்குள் போனார்கள். 1907-ல் மட்டும் சுமார் 10 லட்சம் பேர். இத்தாலி, ரஷ்யா, போலந்து, ஹங்கேரி எனப் பல திசைகளிலிருந்து, கப்பலின் கீழ்த்தளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வந்த ஏழைகள்தான் அதில் பெரும்பாலானோர்.

வரிசையில் நடந்து வருபவர்களை மருத்துவர்கள் சில விநாடிகள் மட்டுமே பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் கோட்டின் மேல் சாக்பீஸால் ஓர் எழுத்து எழுதுவார்கள். மனநலத்தில் சந்தேகம் என்றால் 'எக்ஸ்' குறி. அந்தக் குறி விழுந்தவர் வரிசையிலிருந்து தனியே அழைத்துச் செல்லப்படுவார். 'மந்தபுத்தி' உள்ளவர்களை உள்ளே விடக் கூடாது என்று அன்றைய சட்டமே சொன்னது. முடிவு பாதகமாக வந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். நிலத்தை விற்று டிக்கெட் எடுத்தவர்களும் உண்டு. கணவர் ஏற்கெனவே அமெரிக்காவில் காத்திருக்க, குழந்தைகளோடு வந்த பெண்களும் உண்டு.

80 சதவிகிதம் பேர் மந்தபுத்தியா?

தனியே அழைத்தவர்களிடம் முதலில் கேள்விகள்தான் கேட்டார்கள். மாடிப்படியை மேலிருந்து கழுவுவீர்களா, கீழிருந்து கழுவுவீர்களா என்பது அதில் ஒன்று. 1917-ல் போலந்திலிருந்து வந்த ஓர் இளம்பெண், படி கழுவுவதற்காகத் தான் அமெரிக்கா வரவில்லை என்று பதில் சொன்னாராம். இந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் போடுவது?

பிரான்ஸில் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோன் ஆகிய இருவரும் 1905-ல் பள்ளிக் குழந்தைகளுக்காக ஒரு சோதனையை உருவாக்கினார்கள். அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த ஹென்றி கோடார்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், எல்லிஸ் தீவிலும் அதைப் பயன்படுத்திப் பார்த்தார். மூன்று நிமிடத்தில் 60 வார்த்தைகள் சொல்ல வேண்டும், இன்றைய தேதி சொல்ல வேண்டும் என்பன போன்ற கேள்விகள். பல நாள் கடல் பயணம், அரைகுறைத் தூக்கம், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். கேள்வி கேட்பவரைப் பார்த்தாலே பயம். தேதி எப்படி ஞாபகத்தில் இருக்கும்?

1917-ல் கோடார்ட் வெளியிட்ட முடிவு இது: சோதிக்கப்பட்ட சிறு குழுவில் யூதர், ஹங்கேரியர், இத்தாலியர், ரஷ்யர் என எந்தப் பிரிவை எடுத்தாலும் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் 'மந்தபுத்தி'! கோளாறு வந்தவர்களின் மூளையில் அல்ல, அவர்களை அளந்த சோதனையில்தான் இருந்தது.

நாக்ஸின் கட்டைகள்

இந்தச் சிக்கலை நேரில் பார்த்தவர்களில் ஒருவர், 1912 முதல் 1916 வரை எல்லிஸ் தீவில் பணியாற்றிய இளம் மருத்துவர் ஹோவர்ட் நாக்ஸ். பள்ளிக்கூடமே போகாத ஒருவரிடம் பள்ளிப் பாடம் கேட்பதில் அர்த்தமில்லை என்பது அவருக்குப் புரிந்தது. அவரும் சக மருத்துவர்களும் மரப் புதிர்களைச் செய்தார்கள். வெவ்வேறு வடிவத் துண்டுகளை அதனதன் குழியில் பொருத்துவது ஒன்று. பக்கவாட்டில் தெரியும் மனித முகத்தைத் துண்டுகளிலிருந்து சேர்ப்பது இன்னொன்று. முதலில் சொன்ன நான்கு கட்டைச் சோதனையும் நாக்ஸ் உருவாக்கியதுதான். எதற்கும் மொழி தேவையில்லை. செய்து காட்டினால் போதும், சைகையே விளக்கம்.

சோதனை நடக்கும் சூழலும் முக்கியம் என்று அந்த மருத்துவர்கள் கருதினார்கள். களைப்போடும் பசியோடும் இருப்பவரைச் சோதிக்கக் கூடாது, ஒரு நாள் தவறினால் இன்னொரு நாள் மறுபடி பார்க்க வேண்டும் என்பது அவர்களின் அணுகுமுறை.

இதற்காக நாக்ஸை மகானாக்க வேண்டியதில்லை. 'தகுதியற்றவர்களை' நாட்டுக்குள் விடக் கூடாது என்ற எண்ணம் அவருக்கும் இருந்தது. புதிர்களின் வேலையே அவர்களைக் கண்டுபிடிப்பதுதான். ஆனாலும், ஆங்கிலம் தெரியாத ஒரே காரணத்தால் ஒருவர் முட்டாள் ஆகிவிட மாட்டார் என்பதை அந்த மரக்கட்டைகள் ஒப்புக்கொண்டன.

படத்திலும் ஒளிந்திருக்கும் மொழி

முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியபோது, ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் சுமார் 17 லட்சம் ராணுவ வீரர்களுக்கு நுண்ணறிவுச் சோதனை நடந்தது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு 'ஆல்ஃபா' தாள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஆங்கிலம் அறியாதவர்களுக்கும் 'பீட்டா' தாள். பீட்டாவில் எல்லாமே படம், சைகையில்தான் விளக்கம்.

நியாயமாகத்தானே தெரிகிறது? ஒரு கேள்வியைப் பாருங்கள்: படத்தில் என்ன குறைகிறது என்று கண்டுபிடித்து வரைய வேண்டும். அதில் ஒரு படம் டென்னிஸ் மைதானம்; குறைவது வலை. இன்னொன்று கிராமபோன், குறைவது அதன் ஊதுகுழல். டென்னிஸையே பார்த்திராத ஒரு விவசாயி வலையை எங்கே தேடுவார்? சிலர் வாழ்க்கையில் முதன்முறையாக பென்சில் பிடித்ததே அன்றைக்குத்தான்.

வார்த்தையை எடுத்துவிட்டால் மட்டும் சோதனை பொதுவானதாகிவிடாது. படத்துக்கும் ஊர் உண்டு, பழக்கம் உண்டு என்பது பீட்டா தந்த பாடம்.

60 கேள்வி, ஒரு காலி இடம்

படத்தில் ஊரே இல்லாமல் செய்தால்? இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ரேவன் 1938-ல் வெளியிட்ட 'புரோகிரஸிவ் மேட்ரிசஸ்' அப்படிப்பட்ட முயற்சி. கோடு, வட்டம், சதுரம் கொண்ட ஒரு வடிவமைப்பு. அதில் ஒரு மூலை காலி. கீழே உள்ள 6 அல்லது 8 துண்டுகளில் எது அங்கே பொருந்தும்? 5 பிரிவுகள், பிரிவுக்கு 12 என மொத்தம் 60 கேள்விகள். எளிதில் தொடங்கிக் கடினத்தை நோக்கிப் போகும். சின்னக் குழந்தைகளுக்கு 36 கேள்விகள் கொண்ட வண்ணப் பதிப்பும் உண்டு. 'ஐ.க்யூ டெஸ்ட்' என்று மொபைலில் சுற்றும் கட்டப் புதிர்கள் பலவற்றுக்கும் மூதாதை இதுதான்.

'இதுதான் கலப்படமில்லாத மூளைத்திறன்' என்று பலரும் நம்பினார்கள். ஜேம்ஸ் ஃப்ளின் என்ற ஆய்வாளர் 1980-களில் அந்த நம்பிக்கையை அசைத்தார். நெதர்லாந்தில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 18 வயது இளைஞர்கள் ரேவன் வகைச் சோதனையில் எடுத்த மதிப்பெண், 1952-க்கும் 1982-க்கும் இடையில் சுமார் 20 ஐ.க்யூ புள்ளிகள் உயர்ந்திருந்தது. 30 வருடத்தில் மனித மூளை அப்படி மாறிவிடாது. மாறியது வாழ்க்கை. கூடுதல் பள்ளிப் படிப்பு, நல்ல உணவு, படங்களும் குறியீடுகளும் நிறைந்த சூழல் எனப் பல காரணங்களை ஆய்வாளர்கள் முன்வைக்கிறார்கள். ஆக, வெறும் கோடும் வட்டமும் கூட வளர்ந்த சூழலைச் சேர்த்தே அளக்கின்றன.

நம் நாட்டுச் சிறுவர்களுக்காக

வெளிநாட்டுச் சோதனையை அப்படியே இங்கே இறக்கினால் என்ன ஆகும் என்ற கேள்வி இந்தியாவிலும் எழுந்தது. உத்தரப் பிரதேசத்தில் பணியாற்றிய சி.எம்.பாட்டியா, 11 முதல் 16 வயதுச் சிறுவர்களுக்காக ஒரு செயல்வழிச் சோதனைத் தொகுப்பை உருவாக்கி 1955-ல் வெளியிட்டார். வண்ணக் கனசதுரங்களை அடுக்கி ஒரு டிசைனைக் கொண்டுவருவது, பெட்டிக்குள் இருக்கும் கட்டைகளைத் தூக்காமல் நகர்த்தியே இடம் மாற்றுவது, கையை எடுக்காமல் வடிவம் வரைவது, கேட்டதை உடனே திருப்பிச் சொல்வது, துண்டுகளைச் சேர்த்துப் படமாக்குவது என ஐந்து பகுதிகள்.

இதில் முக்கியமான விஷயம், பள்ளி சென்றவர்களை ஒரு கணக்கிலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களை இன்னொரு கணக்கிலும் அவர் ஒப்பிட்டதுதான். ஆடு மேய்க்கும் பையனை ஆறாம் வகுப்புப் பையனோடு ஒப்பிட்டுக் 'குறைவு' என்று சொல்லக் கூடாது அல்லவா? பாட்டியா சோதனை இன்றும் இந்திய மருத்துவமனைகளில் பயன்பாட்டில் இருக்கிறது.

பேசாத குழந்தைக்குள் இருக்கும் திறமை

இத்தனை குறை இருந்தும் இந்தப் புதிர்கள் ஏன் தேவை? சில குழந்தைகளுக்கு இவைதான் ஒரே ஜன்னல். செவித்திறன் இல்லாத குழந்தைகளிடம் வாய்வழிக் கேள்வி கேட்டு 'மந்தம்' என்று முத்திரை குத்திய காலம் இருந்தது. அவர்களையும் மனதில் வைத்து ருடால்ஃப் பின்ட்னரும் டொனால்ட் பேட்டர்சனும் 1917-ல் செயல்வழிச் சோதனைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். எல்லிஸ் தீவின் புதிர்களும் அதில் இடம்பிடித்தன.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் விஷயத்தில் 2007-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் பளிச்சென்று பேசுகிறது. கனடாவில் மிஷேல் டாசன், லோரான் மோட்ரோன் குழுவினர் 38 ஆட்டிசக் குழந்தைகளுக்கு வழக்கமான வெக்ஸ்லர் சோதனையையும் ரேவன் சோதனையையும் கொடுத்துப் பார்த்தார்கள். ரேவனில் அவர்களின் இடம் சராசரியாக 30 பர்சன்டைல் புள்ளிகள் மேலே இருந்தது. வெக்ஸ்லர் கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தை அறிவுசார் குறைபாடு உள்ளவர் எனச் சொல்லப்படும் நிலை. ரேவன் கணக்கில் அந்த அளவு வெறும் 5 சதவிகிதம்தான்.

அதே குழந்தைகள், அதே மூளை. கேட்ட விதம் மாறியதும் கிடைத்த பதிலும் மாறிவிட்டது.

பெற்றோர் கவனத்துக்கு...

* பர்சன்டைல் வேறு, சதவிகிதம் வேறு: 60-வது பர்சன்டைல் என்றால் நூற்றுக்கு 60 மார்க் அல்ல. அதே வயதுள்ள 100 குழந்தைகளில் சுமார் 60 பேரைவிட முன்னால் இருக்கிறது என்று அர்த்தம்.

* 100 என்பது சராசரி: பெரும்பாலான ஐ.க்யூ சோதனைகளில் மூன்றில் இரண்டு பேர் 85-க்கும் 115-க்கும் இடையில்தான் வருவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை 108, நம் பிள்ளை 103 என்று கவலைப்பட ஒன்றுமில்லை. வேறொரு நாளில் எழுதினாலே அந்த அளவு ஏற்ற இறக்கம் வரும்.

* முன்கூட்டியே பயிற்சி வேண்டாம்: அதே மாதிரிப் புதிர்களைப் போட்டுப் பழகிய குழந்தைக்கு மார்க் கூடும். அறிவு கூடியதாக அர்த்தமில்லை. உண்மையிலேயே உதவி தேவைப்படும் குழந்தை என்றால், அந்தத் தேவை வெளியே தெரியாமல் போய்விடும்.

* மொபைல் டெஸ்ட்டை நம்ப வேண்டாம்: யாரோடு ஒப்பிட்டு அந்த எண் வந்தது என்பதே அதில் தெரியாது. பொழுதுபோக்காகப் போடலாம், அவ்வளவுதான்.

* இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: உளவியலாளரிடம் போகும்போது, எந்தச் சோதனை, எந்த மொழியில், எந்தக் குழந்தைகளோடு ஒப்பிட்டு இந்த எண்ணைச் சொல்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். குழந்தைக்குக் காது, கண் பரிசோதனை முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சலோ, தூக்கமில்லாத இரவோ இருந்தால் வேறு தேதி கேட்டு வாங்குங்கள்.

* ஒரு சோதனையோடு முடிவெடுக்க வேண்டாம்: புதிர்ச் சோதனை மொழித்திறனை அளக்காது. பொறுமை, படைப்புத்திறன், மற்றவர்களோடு பழகும் விதம் எதையும் அளக்காது. அன்றாட வேலைகளைக் குழந்தை எப்படிச் செய்கிறது, வகுப்பில் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் நல்ல உளவியலாளர் முடிவு சொல்வார்.

அறிக்கையில் வரும் எண், 'இந்தக் குழந்தைக்கு அடுத்து என்ன உதவி செய்யலாம்?' என்ற பேச்சைத் தொடங்கி வைக்க வேண்டும். அந்தப் பேச்சே இல்லாமல் எண்ணை மட்டும் எழுதிக் கையில் கொடுத்தால், கையோடு இன்னொரு உளவியலாளரிடமும் கருத்துக் கேட்டுவிடுவது நல்லது.