காமாலையும் கீழாநெல்லியும்

மஞ்சட் காமாலை கண்டால் திருப்பாச்சூர் முதலிய நமது கிராமங்களில் கீழாநெல்லியைத் தேடுவது வழக்கம். பெரும்பாலார் சில வாரங்களில் தேறுவதும் உண்மையே. ஆனால் குணமளித்தது மூலிகைதானா?

அசுத்த ஜலத்தால் பரவும் ஏ, இ வகைகள் பெரும்பாலும் தாமே தணிவன; எனினும் கர்ப்பிணிகளுக்கு இ வகை பிராணாபாயம் விளைவிக்கக்கூடும். இரத்தத்தின் வழியே தொற்றும் பி வகை சிலரிடமும், ஸி வகை பலரிடமும் ஈரலில் தங்கி, ஆண்டுகள் கழித்து ஈரற்சுருக்கத்தையும் புற்றையும் உண்டாக்கும்.

பி கிருமியைத் தாங்கியிருந்தோருக்குக் கீழாநெல்லி கொடுத்துச் சென்னை ஆராய்ச்சியாளர் 1988-ல் வெளியிட்ட முடிவில், 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது. பிற்காலச் சோதனைகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. இன்றோ ஸி வகை 12 வார மாத்திரைகளால் 100-க்கு 90-க்கு மேற்பட்டோருக்கு நீங்குகிறது; பி வகையை ஒடுக்க மருந்தும், வராமல் தடுக்க ஊசியும் உள்ளன. 2018-ல் தொடங்கிய தேசீயத் திட்டத்தின்கீழ்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

மூலிகையை நாம் இகழவில்லை; அதை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதையே கண்டிக்கிறோம். நோயாளியின் புத்தி தடுமாறினாலோ, இரத்தம் கசிந்தாலோ ஒரு நாழிகையும் தாமதியாமல் ஆஸ்பத்திரி சேர்க்க வேண்டும். ஊர்தோறும் செல்லும் தொண்டர்கள் இதனை ஜனங்களுக்கு எடுத்துரைப்பார்களாக.