சாவியைக் கொடுத்தால் போதுமா?

வாடகை வீட்டுக்குக் குடிபோகும்போது நாம் நல்ல நாள் பார்க்கிறோம், பால் காய்ச்சுகிறோம், ஒப்பந்தத்தின் ஷரத்துக்களை மாத்திரம் படிப்பதில்லை. கெடு முடியுமுன் உத்தியோக மாற்றல் உத்தரவு வந்து வீட்டைக் காலி செய்ய நேரும்போதுதான் அந்தக் காகிதத்தைப் பெட்டியில் தேடுகிறோம்.

சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு, சாவியை அண்டை வீட்டில் ஒப்படைத்தால் குடித்தனம் முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். சட்டம் அவ்விதம் கருதுவதில்லை. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, ஒப்பந்தமோ உள்ளூர்ச் சட்டமோ வேறு விதமாகக் கூறாத பட்சத்தில், மாதக் குடித்தனத்தை முடிக்க எழுத்து மூலம் 15 நாள் நோட்டீஸ் வேண்டும். வீட்டுக்காரருக்கு உள்ள இக்கடமை குடியிருப்பவருக்கும் உண்டு. அன்றேல், வீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வீட்டுக்காரர் இசைய வேண்டும்.

'ஆறு மாதம் கட்டாயம் குடியிருக்க வேண்டும். தவறினால் மீதி மாத வாடகையைக் கொடுக்க வேண்டும்' என்று ஷரத்து இருந்தால் என்ன செய்வது? மாத வாடகை ரூ.12,000 என்றும், நான்காம் மாத முடிவில் காலி செய்வதாகவும் வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் ரூ.24,000 கேட்கலாம். ஆனால் 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 74-வது பிரிவில், குறித்த தொகைக்கு மேற்படாத நியாயமான நஷ்ட ஈட்டுக்கே இடமளிக்கிறது. 15 நாளில் அதே வாடகைக்கு வேறொருவர் குடிவந்துவிட்டால், வாடகையில் உண்டான நஷ்டம் ரூ.6,000 தானே? ஆகையால், தக்க குடித்தனக்காரர் ஒருவரை நாமே தேடித் தருவது இரு தரப்பாருக்கும் நன்மை.

வீட்டைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தருவதும் நம் பொறுப்பு. உபயோகத்தால் இயல்பாக நேரும் தேய்மானத்துக்கு விலக்கு உண்டு. சுவரின் நிறம் மங்கியது நம் குற்றமன்று. உடைந்த ஜன்னல் கண்ணாடி நம் கணக்கில்தான் சேரும். ஒப்பந்தத்தில் வெள்ளையடிப்புக்குத் தனி ஷரத்து இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரக் கட்டணத்தைச் செலுத்தி, இரு தரப்பாரும் வீட்டைச் சேர்ந்து பார்வையிட்டு, சாவி பெற்ற தேதியையும் முன்பணக் கணக்கையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவது உத்தமம். வருஷக்கணக்காகச் சேர்த்த பணத்தில் கொடுத்த முன்பணம், வாய்வார்த்தையை நம்பிக் கரைந்து போகலாமா? முறைப்படி விடைபெற்றால் பணமும் தங்கும். நல்ல பெயரும் தங்கும்.