இல்லமோ, அலுவலகமோ?

தொழில் புரியும் இடமும் உறையும் இடமும் ஒன்றாயிருத்தல் உலகிற்குப் புதிதன்று. நெய்வோன் தறியும் வனைவோன் சக்கரமும் பண்டு அவரவர் மனைக்கண்ணேயே இருந்தன. அலுவலகப் பணியையும் தொலைவிலிருந்தே இயற்றலாம் என்பதனை 1973-ஆம் ஆண்டில் ஆராய்ந்து, அதற்குப் பெயருமிட்டார் அமெரிக்க அறிஞர் ஜாக் நில்லஸ். எனினும், 2020-இல் கொரோனாப் பெருநோய் பரவிய பின்னரே அது பெருவழக்காயிற்று.

அக்காலை, சமூக வலைத்தளங்களில் முதற்கண் எழுந்தது மகிழ்ச்சிக் குரல். வழிப்பயணத்தின் அலுப்பு ஒழிந்ததென்றும், மக்களோடு ஒருங்கிருந்து உண்ணும் பேறு வாய்த்ததென்றும் பலர் எழுதினர். நாட்கள் செல்லச்செல்ல, அடுக்களைக்கும் அலுவலுக்கும் இடையே எல்லை அழிந்ததென்றும், தனிமை வருத்துகின்றதென்றும் குறைகூறுவோர் மிக்கனர். வீட்டிலிருந்தே கைப்பேசி வழியாகப் பாடங்கேட்ட யாமும் முதலில் களித்துப் பின்னர்த் தோழரை நினைந்து ஏங்கினோமன்றோ?

நிற்க. விரும்புவோர் என்றும் வீட்டிலிருந்தே பணிபுரியலாமென 2020 மே திங்களில் டுவிட்டர் நிறுவனம் அறிவித்தது. 2022-இல் அதனை விலைக்கு வாங்கிய ஈலான் மஸ்க், ஊழியர் அலுவலகத்திற்கே வருதல் வேண்டுமெனப் பணித்தார். அமேசான் நிறுவனமும் 2025 சனவரி முதல் வாரத்தில் ஐந்து நாளும் வருகவென்றது. இத்தகைய ஆணைகள் பிறக்குந்தோறும் வலைத்தளங்களில் வெகுளி மூண்டது. அவற்றை ஆதரித்தோரும் உளர்.

இக்குரல்களை மக்கள் அனைவரின் கருத்தெனக் கொள்ளலாமோ? ஆகாது. செவிலியர்க்கும் பேருந்து ஓட்டுநர்க்கும் துப்புரவுப் பணியாளர்க்கும் இல்லிலிருந்து பணிபுரியும் வாய்ப்பே இல்லை; ஆதலின் இவ்வழக்கில் அவர்தம் குரல் பெரிதும் கேட்கப்படுவதில்லை. மேலும், வலைத்தளம் முரசே அன்றித் தராசு அன்று. மிக விரும்புவோரும் மிக வெறுப்போருமே அதனை ஓங்கி அறைகின்றனர்.

மக்கள் உள்ளத்தை உள்ளவாறு காட்டுவதொரு சோதனை உண்டு. சீனநாட்டுச் சிட்ரிப் நிறுவனம், வீட்டுப்பணியை விரும்பி முன்வந்த ஊழியருள் ஒரு பகுதியினரை ஒன்பது திங்கள், வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து பணிபுரியச் செய்தது. நிக்கொலாஸ் புளூம் முதலிய அறிஞர் இதனை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டனர். பணித்திறன் நூற்றுக்கு 13 பங்கு உயர்ந்தது. பின்னர், விரும்பும் இடத்தை மீண்டும் தெரிந்துகொள்க என விட்டபோது, சோதனைக்குட்பட்டோருள் பாதிக்கு மேற்பட்டோர் தம் இடத்தை மாற்றிக்கொண்டனர். பணித்திறன் உயர்வோ 22 பங்காக வளர்ந்தது.

இதனால் விளங்குவது யாது? பட்டறிந்தபின் மனம் மாறுதல் இயல்பு. அம்மாற்றத்திற்கு இடங்கொடுத்தல் பணிக்கும் நன்று. ஆகவே, இல்லமா அலுவலகமா என்னும் பூசலினும், தெரிந்துகொள்ளும் உரிமை யார்க்கு உண்டு, யார்க்கு இல்லை என்னும் வினாவே ஆராயத்தக்கதென்பது எம் துணிபு.