தவிடு காசாகும்... அளவு தெரிந்தால்!

சிங்கப்பெருமாள் கோவிலில் சென்னை செல்லும் மின்சார ரெயிலில் ஏறினால், மறைமலைநகரை அடுத்து காட்டாங்கொளத்தூர் வரும். அதன் அருகே காட்டுப்பாக்கத்தில் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது அது.

அங்கே ஆடு, மாடுகளோடு பன்றிகளும் வளர்கின்றன. இங்கிலாந்து நாட்டு வெள்ளை யார்க்‌ஷயர் பன்றியையும் நம் நாட்டுப் பன்றியையும் கலந்து, "தானுவாஸ் கே.பி.எம். கோல்டு" என்ற இனத்தை அங்கு உருவாக்கி இருக்கிறார்கள்.

இனம் நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. பன்றி வளர்ப்பவரின் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போய்விடும். சோளம் வாங்கிப் போட்டுக் கட்டுப்படி ஆகுமா?

அதற்குத்தான் இருக்கிறது தவிடு!

உமி வேறு, தவிடு வேறு

100 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 20 கிலோ உமியும், 8 கிலோ வரை தவிடும் மிஞ்சும். தவிட்டில் எண்ணெய்ச் சத்து உண்டு. உமியிலோ வெறும் நாரும் மணல் சத்தும்தான். உமி கலந்த தவிட்டை வாங்கினால் காசும் போச்சு, பன்றியின் வளர்ச்சியும் போச்சு.

ஒரே வயிறு

மாட்டின் வயிற்றில் 4 அறைகள். வைக்கோலைத் தின்று, அசைபோட்டு, சத்தாக்கிவிடும். பன்றிக்கு ஒரே அறைதான். அது அசைபோடாது. பெருங்குடலில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் நாரைக் கொஞ்சம் கரைத்துச் சத்தாக்கும். குட்டியின் குடலுக்கு அந்தப் பலமும் கிடையாது.

ஆகவே, குட்டிகளின் தீவனத்தில் நார் 100-க்கு 5 பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மலிவு என்று தவிட்டையே கொட்டினால், வயிறு நிறையும், உடம்பு ஏறாது.

சினைப்பன்றிக்கு நல்லது

சினைப்பன்றியின் கதை வேறு. அது குட்டி போட 3 மாதம், 3 வாரம், 3 நாள் ஆகும். அதற்குள் கொழுத்துவிட்டால் பிரசவம் சிரமம். தீனியைக் குறைத்தாலோ, பசியில் கம்பியைக் கடிக்கும். அதற்குத் தவிடு, சர்க்கரைவள்ளிக் கொடி, ஜவ்வரிசி ஆலையில் மிஞ்சும் மரவள்ளித் திப்பி ஆகியவற்றை அளவோடு சேர்த்தால் பசி அடங்கும். மலச்சிக்கலும் வராது.

ஆனால், இவை மட்டுமே தீனி ஆகிவிடாது. பிண்ணாக்கும் தாது உப்பும் சேர வேண்டும்.

இன்னொன்று: தவிட்டை நாள்கணக்கில் மூட்டை கட்டி வைத்தால் எண்ணெய் சிக்குப் பிடிக்கும். புதிதாக வாங்கி, உடனே போடுவதே நல்லது. எண்ணெய் எடுத்த தவிடு சற்று அதிக நாள் தாங்கும்.

மூட்டையை அவிழ்த்ததும் முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் வேண்டாம்!